இரண்டு முறை பிழைத்த விமானம்

கல்லூரி வளாகத்திலோ ஊர் நாற்சந்தியிலோ மேடை கட்டி நிறுத்திய பழைய போர் விமானம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக நிற்கிறது. பெயின்ட் வெளுத்திருக்கும், டயரில் காற்று இருக்காது. மற்றபடி மூக்கு, இறக்கை, வால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். சுற்றிலும் போட்ட இரும்பு வேலி துருவேறி உதிர்ந்துகொண்டிருக்கும். விமானத்தில் துருவின் சுவடே தெரியாது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. அப்படியென்றால் நல்ல எஞ்சின் ஒன்றை மாட்டி, பெட்ரோல் ஊற்றி, ஓட்டத் தெரிந்தவரை உட்காரவைத்தால் பறக்கவேண்டியதுதானே?

பறக்கவிட மாட்டார்கள். ஒருவேளை கிளம்பிவிட்டாலும் முழுதாக இறங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விமானத்தின் பின்னால் போவோம். 1944இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையில் உருவான பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் அது. பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போரில் பறந்தது. போர் முடிந்ததும் கான்பூரில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. 1948இல் இந்தியர்கள் அதை எழுப்பினார்கள். இருபது வருடம் உழைத்துவிட்டு மறுபடி கைவிடப்பட்டது. 1989இல் ஃபுளோரிடாவில் மறுபடியும் பறந்தது.

இரண்டு முறை பிழைத்த கதைதான். ஆனால் முதல் முறை கையிலிருந்ததை வைத்து ஒட்டுப்போட்டுக் கிளப்ப முடிந்தது. இரண்டாம் முறை கிட்டத்தட்ட ஐந்து வருடமும் லட்சத்தை நெருங்கும் உழைப்பு மணிகளும் பிடித்தன. அதே விமானம்தான், அதே அலுமினியம்தான். நடுவில் என்ன ஆயிற்று?

வில்ம் வைத்துவிட்டுப் போன தகடு

முதலில் ஒரு திருத்தம். விமானம் அலுமினியத்தால் ஆனதல்ல. சுத்த அலுமினியம் மெத்தென்ற உலோகம். கனமில்லாத தகட்டைக் கையாலேயே வளைத்துவிடலாம். அதில் இறக்கை செய்தால் முதல் காற்றிலேயே மடங்கும்.

1900களின் தொடக்கத்தில் பெர்லின் அருகே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தைக் கெட்டியாக்க முயன்றுகொண்டிருந்தார். எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கினால் கெட்டிப்படும் என்பது கொல்லர்களுக்குத் தெரிந்த விஷயம். அதையே அலுமினியத்திலும் செய்துபார்த்தார். கொஞ்சம் செம்பும் துளி மெக்னீசியமும் சேர்த்த தகட்டைச் சுமார் 500 பாகை வரை காய்ச்சி நீரில் முக்கினார். பெரிய பலன் ஒன்றுமில்லை. 1906இல் அப்படிப்பட்ட துண்டு ஒன்றைச் சில நாள் கழித்து மறுபடி அளந்தபோது எண்கள் ஏறியிருந்தன. யாரும் தொடவில்லை, சூடாக்கவில்லை. சும்மா கிடந்தே உலோகம் கெட்டிப்பட்டிருந்தது.

இதை முதிர்கடினம் என்று அழைப்போம். முதிர முதிரக் கடினமாவது என்று பொருள். இதன் காரணம் 1938இல்தான் எக்ஸ்-கதிர் வழியே பிடிபட்டது. பிரான்சில் கினியே, இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சூட்டில் செம்பு அணுக்கள் அலுமினியத்துக்குள் கரைந்து பரவுகின்றன. நீரில் முக்கியதும் ஓடுவதற்கு நேரமில்லாமல் கிடைத்த இடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. பிறகு மணிக்கணக்கில், நாட்கணக்கில் மெல்ல நகர்ந்து சின்னச் சின்னக் கும்பல்களாகச் சேர்கின்றன. உலோகம் வளைய வேண்டுமானால் அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க வேண்டும். அந்தச் சறுக்கலுக்குக் குறுக்கே இந்தக் கும்பல்கள் நிற்கின்றன. சுத்த அலுமினியத்தைப்போல நான்கைந்து மடங்கு வலு கிடைக்கிறது, எடையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. டூராலுமின் என்ற இந்தக் கலவை இல்லாவிட்டால் இரண்டாம் உலகப்போரின் வானம் மரமும் துணியுமாகவே இருந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயம் முழுக்க அது தேவைப்படும். ஒழுங்காக முதிர்ந்த தகடும், தீவிபத்தில் அகப்பட்டு வலுவிழந்த தகடும் கண்ணுக்கு ஒரே தகடுதான். அதே பளபளப்பு, அதே கனம். உலோகத்தின் வலு அதன் கடந்தகாலத்தில் இருக்கிறது. அந்தக் கடந்தகாலத்தை மேற்பரப்பு காட்டிக்கொடுக்காது.

ரிவெட் என்கிற தறையாணிக்கும் இதே குணம்தான். விமானத் தகடுகளை இணைப்பது அதுதான். சிலவகை ரிவெட்டுகளைக் காய்ச்சி முக்கிய பிறகு அரைமணிக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் அவை முதிர்ந்து, அடிக்கும்போது வெடிப்பு விடும். அதனால் அவற்றைப் பனிப்பெட்டியில் வைத்திருந்து அவ்வப்போது தேவையானதை மட்டும் எடுப்பார்கள். குளிரில் செம்பு அணுக்கள் எளிதில் நகர மாட்டா. முதுமை கிட்டத்தட்ட நின்றுவிடும். போர்க்காலத் தொழிற்சாலைகளில் பெண்கள் அடித்த ரிவெட்டுகளில் கணிசமானவை இப்படி ஐஸில் இருந்து வந்தவை.

வலுவைக் கொடுத்த செம்பே

சுத்த அலுமினியம் ஏன் துருப்பிடிப்பதில்லை? காற்று பட்டதும் அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் படிகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் இடைவெளியில்லாத தோல். கீறினால் அடுத்த நொடி மறுபடி மூடிக்கொள்ளும். இரும்பின் துருவோ பொருக்குவிட்டு உதிர்ந்து அடுத்த அடுக்கையும் காட்டிவிடும்.

டூராலுமினில் இந்தப் பாதுகாப்பு பாதிதான். உலோகம் நுண்ணிய மணிகளின் சேர்க்கை. மணிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள எல்லையில் செம்பு அதிகமுள்ள துகள்கள் ஒதுங்குகின்றன. செம்பும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, நடுவில் உப்பு கலந்த ஈரமும் சேர்ந்துவிட்டால் அங்கே நுண்ணிய மின்கலம் ஒன்று உருவாகும். அந்தக் கலத்தில் தேய்ந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். அரிப்பு மணி எல்லைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். அரித்த உலோகம் வெண்சாம்பல் நிறத் தூளாக மாறும்போது அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. தகடு உப்பி, பேக்கரி பப்ஸ் மாதிரி ஏடு ஏடாகப் பிரிகிறது. அந்த அழுத்தத்தில் ரிவெட்டின் தலையே தெறிப்பதும் உண்டு.

வலுவுக்காகச் சேர்த்த செம்பே அரிப்பைக் கொண்டுவருகிறது. பொறியாளர்களுக்கு இது 1920களிலேயே தெரியும். டூராலுமின் தகட்டின் இரண்டு முகத்திலும் சுத்த அலுமினியத்தை ஒட்டி உருட்டினார்கள். அந்தத் தகட்டுக்கு ஆல்கிளாட் என்று பெயர். மேல்முகத்துக்கு இது நல்ல கவசம். ஆனால் தகட்டை வெட்டிய விளிம்பிலும் ரிவெட்டுக்காகத் துளைத்த ஓட்டையிலும் கவசம் கிடையாது. லிபரேட்டர் மாதிரி ஒரு குண்டுவீச்சு விமானத்தில் அப்படிப்பட்ட ஓட்டைகள் லட்சக்கணக்கில். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் மழைநீர் ஏறினால் இறங்குவதில்லை. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடம் இன்னும் மோசம். எலி கூடு கட்டி அதன் மூத்திரம் இறங்கிய இடத்தைப் பற்றி பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், முகம் சுளிப்பார்கள்.

மேடையில் நிற்கும் விமானம் வெளியே நன்றாகத்தான் இருக்கும். சேதமெல்லாம் கண்ணுக்கு எட்டாத மடிப்புகளில்.

காயலான் கடைக் கணக்கு

லிபரேட்டர் பதினெட்டாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. ஃபோர்டின் வில்லோ ரன் தொழிற்சாலை ஓட்டமாக ஓடிய நாட்களில் மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியே வந்தது. இன்று முழுதாக எஞ்சியிருப்பவை இருபதுகூட இல்லை. மிச்சமெல்லாம் எங்கே?

உலையில். 1946இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் கிங்மன் என்ற இடத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போர் விமானங்களை ஒரே ஒப்பந்தக்காரர் விலைக்கு வாங்கினார். எஞ்சின்களைக் கழற்றினார்கள், கனமான கத்தியைப் போட்டு உடலைத் துண்டித்தார்கள், துண்டுகளை உலையில் தள்ளினார்கள். வேலை சுலபம். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். இரும்பு உருக 1500க்கும் மேல் வேண்டும். உலையின் சரிவில் அலுமினியம் வழிந்து ஓடிவர, எஃகுப் பாகங்கள் அப்படியே மேலே தங்கிவிடும். தாதுவிலிருந்து புது அலுமினியம் எடுக்க ஆகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். காயலான் கடைக்காரரின் பார்வையில் விமானம் என்பது ஏற்கெனவே யாரோ செலவழித்துவிட்ட மின்சாரம்.

சரி, உருக்கிய அலுமினியத்தில் புது விமானம் செய்யலாமே என்றால் முடியாது. காரணம் சுவாரசியமானது. இரும்பை உருக்கும்போது ஆக்சிஜனை ஊதினால் வேண்டாத கசடுகள் எரிந்து வெளியேறும், இரும்பு தங்கும். அலுமினியத்தில் அதே வேலையைச் செய்தால் முதலில் எரிவது அலுமினியம்தான். கலந்திருக்கும் செம்பும் இரும்பும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை கலந்துவிட்டால் பிரிப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம். இறக்கைத் தகடு, எஞ்சின் உறை, ரிவெட் என்று பத்துவிதக் கலவைகள் ஒரே உலையில் விழுந்து இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கட்டியாக வெளியே வந்தன. வார்ப்புச் சாமான்களுக்குத்தான் அது லாயக்கு.

கான்பூர், 1948

போர்க்காலத்தில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்த தளவாடங்கள் கடன்-குத்தகைத் திட்டத்தில் வந்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும். இந்தியாவிலும் அதைச் சுற்றிலும் பறந்த லிபரேட்டர்களை பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் குவித்தது. யாரும் மறுபடி பறக்கவிட முடியாதபடி வேண்டுமென்றே சேதப்படுத்தி விட்டுவிட்டுப் போனது.

சுதந்திர இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கக் காசும் இல்லை. அந்தக் குவியலிலிருந்து பறக்கக்கூடியதைத் தேற்றும் வேலை பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தது. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. போரின்போது அந்தத் தொழிற்சாலையே அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாக இயங்கியது. அமெரிக்க எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் அங்கே இருந்தன. லிபரேட்டரின் பதினான்கு சிலிண்டர் எஞ்சினும் நம் ஊர் டகோட்டா விமானத்தின் எஞ்சினும் ஒரே குடும்பம்.

கான்பூரிலேயே ஒட்டுப்போட்டு, ஓரளவு தேறியதும் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுப் பழுதுபார்ப்பும் அங்கே. அந்த நவம்பரிலேயே இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு லிபரேட்டர்களோடு தொடங்கிவிட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ நாற்பது விமானங்கள் தேறின. கடைசி லிபரேட்டர் 1968 வரை பணியில் இருந்தது. முன்ஷியின் துணிச்சலைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. பட்டறைக்காரர்களின் பெயர்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை என்பது எனக்கு மனக்குறை.

இவ்வளவு சேதத்துக்குப் பிறகும் எப்படி முடிந்தது? சேதம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த சேதம் என்பதுதான் விடை. கிழிந்த தகடு கிழிந்ததாகவே தெரியும். நொறுங்கிய கருவியை யாரும் நல்ல கருவி என்று நினைத்து மாட்ட மாட்டார்கள். ஒன்றில் கெட்டதைப் பக்கத்து விமானத்திலிருந்து கழற்றி மாட்டலாம், எல்லாம் ஒரே வார்ப்பு. உலோகத்துக்கு வயது மூன்று நான்குதான். அரிப்பு மடிப்புகளுக்குள் இறங்கப் போதிய காலம் கிடைக்கவில்லை. கோடாலியைவிட மழைதான் விமானத்துக்குப் பெரிய எதிரி.

ஃபுளோரிடாவில் ஒரு தகடு

நம் விமானம் ஓய்வுபெற்ற பிறகு இந்தியாவில் பல வருடம் திறந்தவெளியில் கிடந்தது. 1980களின் தொடக்கத்தில் டக் ஆர்னால்ட் என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. காட்சிக்கு மட்டும் வைப்பதாகத்தான் முதலில் எண்ணம். போரில் லிபரேட்டர் ஓட்டியவர்கள் பறக்கவைக்கும்படி வற்புறுத்தினார்கள். அந்த ஒரு முடிவில் வேலை பல மடங்காகியது. காட்சி விமானத்துக்குத் தகடு இருந்தால் போதும்; பறக்கும் விமானத்துக்கு அந்தத் தகட்டைப் பற்றிய நம்பிக்கை வேண்டும்.

இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் அடித்தகடு எப்போதும் இழுவிசையில் இருக்கிறது; தரையிறங்கினால் தளர்கிறது. ஒவ்வொரு பறப்பும் ஓர் இழுப்பு, ஒரு தளர்வு. ரிவெட் ஓட்டையின் விளிம்பில் மயிரிழை விரிசல் தொடங்கினால், ஒவ்வொரு இழுப்பிலும் அது கொஞ்சம் நீளும். உலோக அயர்ச்சி என்பது இதுதான். இதுவும் முதிர்கடினம் மாதிரியே வெளியே தெரியாத வரலாறு.

முதலில் பெயின்ட்டைச் சுரண்டுகிறார்கள். இது சுத்தம் செய்வதற்கு மட்டுமல்ல. அடுக்கடுக்கான பூச்சில் இந்திய வட்டச்சின்னம், அதன் கீழே பிரிட்டிஷ் சின்னம் என்று விமானத்தின் பணிப்பதிவே இருக்கும். உள்முகத்தில் ஆலை அச்சிட்ட மை எழுத்துகள் சில சமயம் அப்படியே தங்கியிருக்கும்: இன்ன ஆலை, இன்ன கலவை, இன்ன தடிமன். பட்டறையில் கிடைக்கும் மிக மதிப்புள்ள தகவல் அதுதான். வெறும் தகடு தன் கலவையைச் சொல்லாது, அந்த மை சொல்லும்.

அடுத்து ரிவெட்டின் தலையை டிரில்லால் துளைத்துத் தட்டி எடுப்பார்கள். துளைக்கும்போது ஓட்டை ஒரு நூல் அகன்றாலும் அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டும், அதற்கு விளிம்பில் போதிய உலோகம் இருக்க வேண்டும். தகட்டைப் பெயர்த்ததும் மடிப்புக்குள் வெள்ளைத் தூள் தெரியும். சுரண்டி, மீதித் தடிமனை அளக்கிறார்கள். ஓட்டைகளைச் சுற்றிச் சுழல்மின்னோட்டக் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள்: உலோகத்தில் சின்ன மின்னோட்டத்தைச் சுழலவிட்டால் விரிசல் இருக்கும் இடத்தில் அது வழிமாறும், முள் அசையும். தேறாத தகடு வார்ப்புருவாகிவிடுகிறது. அதை வைத்து அதே கலவைப் புதுத் தகட்டில் ஓட்டைக்கு ஓட்டை படியெடுப்பார்கள். சந்தேகம் வந்தால் மூல வரைபடங்களை மைக்ரோஃபிலிமில் தேட வேண்டும். வரைபடமும் தகடும் ஒத்துப்போகாத இடங்கள் நிறைய. போர்க்காலத் தொழிற்சாலை வேகத்தில் மாற்றிக்கொண்டே போனது, தாளில் ஏற்ற நேரமில்லை.

எல்லாத் தகட்டையும் ஒரேயடியாக உரிக்கவும் கூடாது. இந்த விமானங்களில் சுமையைத் தாங்குவது எலும்பு மட்டுமல்ல, தோலும்தான். உரித்தால் இறக்கை தன் எடையிலேயே முறுக்கிக்கொள்ளும். அதனால் சட்டத்தில் பூட்டி நிறுத்தி, ஒன்றை மாற்றிய பிறகே அடுத்தது. புதுத் தகட்டுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு அடித்து, வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலைப் பிடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை ஏந்தி ஒவ்வொரு ரிவெட்டாக அடிக்கிறார்கள். நுழைய முடியாத இடுக்கில் கட்டையைப் பிடிப்பவர் கிடைப்பது அரிது. வில்லோ ரன்னில் இந்த வேலைக்கென்றே உருவத்தில் சிறியவர்களை எடுத்திருந்தார்கள்.

இப்படி லட்சக்கணக்கான ரிவெட்டுகள், பல ஆயிரம் அடி ஹைட்ராலிக் குழாய்கள், நான்கு எஞ்சின்கள். 1989இல் ஃபுளோரிடாவின் கிசிமியில் விமானம் எழும்பியது.

எவ்வளவு மிச்சம்?

கூர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சங்கடம் எழுந்திருக்கும். இவ்வளவு மாற்றிய பிறகு இது 1944இன் விமானம்தானா? எனக்கு இந்தக் கேள்வி தத்துவமாகத் தோன்றவில்லை, நிர்வாகப் பிரச்சினையாகத்தான் தோன்றுகிறது. பறக்கவைக்க விரும்பினால் பழைய உலோகத்தை இழக்க வேண்டும். பழைய உலோகம் சான்றாக வேண்டும் என்றால் பறப்பதை இழக்க வேண்டும். கான்பூரில் பிழைத்த மற்ற லிபரேட்டர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போயின. ஒன்று கனடாவின் அருங்காட்சியகத்தில், ஒன்று அரிசோனாவின் பிமாவில், ஒன்று பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில், ஒன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில். உலகில் எஞ்சிய லிபரேட்டர்களில் பாதியளவு அந்தக் கான்பூர்க் குவியலிலிருந்து வந்தவை. பாலம் விமானத்தை நம்மில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பறக்கவிடுவதற்கு விலையும் உண்டு. 2019 அக்டோபரில் இதே அறக்கட்டளையின் பி-17 விமானம் கனெக்டிகட்டில் விபத்துக்குள்ளாகி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை ஓட்டியவரின் முடிவுகளையும் எஞ்சின் பராமரிப்பின் குறைகளையும் குறிப்பிட்டது, தகட்டின் வயதை அல்ல. 2021இல் வேறொரு பி-17இன் இறக்கை இணைப்பில் பழுது தெரியவந்தது. 2023இல் அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பு எல்லா பி-17களின் இறக்கை இணைப்பையும் சோதிக்க உத்தரவிட்டது. அதற்குப் பயன்படும் முறைகளில் ஒன்று மேலே சொன்ன அதே சுழல்மின்னோட்டக் கருவி. நல்ல பட்டறைகளில் இன்று எந்தப் புதுத் தகட்டைப் பொருத்தினாலும் ஆலையின் சான்றிதழ் எண், வெப்பப் பதம், பொருத்திய தேதி மூன்றையும் பதிவேட்டில் எழுதிய பிறகே அடுத்த ரிவெட்டைத் தொடுகிறார்கள்.